உள்ளூர்ச் சங்கிலி

மோல்மேனில் இன்று மின்சாரம்
அதிகாலை ஒன்று முதல் ஐந்து வரை.
தெருமுனையில் யாரோ "மீ லா பி" என்று கத்த
பக்கத்து வீட்டு டோ மியிண்ட்
தண்ணீர் மோட்டார் போட ஓடினாள்.
நான் மடிக்கணினியைச் செருகினேன்.

தேவையான பொதிகள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.
மூன்று இரவு இறக்கிப் பார்த்தேன்.
ஒருநாள் எண்ணூற்றுப் பன்னிரண்டில் மூச்சு நின்றது,
மறுநாள் எழுநூற்றில்.
கடைசியில் யாங்கோனிலிருந்து ஜோ லின்
எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் அடைத்து
லபெத் பொட்டலத்துக்குள் சொருகி
இரவு பஸ்ஸில் அனுப்பினான்.
சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்த்தவன்
தேயிலையை மட்டும் ஒரு கை அள்ளிக்கொண்டானாம்.

நோடின் பதிப்பு பொருந்தவில்லை என்றது.
பொருத்தினேன்.
கம்பைலரைக் காணோம் என்றது.
காட்டினேன்.
8545ஆம் வாசலில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றது.
அது நேற்றைய நான்.
எழுப்பி வெளியே அனுப்பினேன்.

மூன்று மணிக்குச் சங்கிலி எழுந்தது.
பிளாக் எண் பூஜ்யம்.
முன்னவர் யார் என்று கேட்கும் இடத்தில்
வெறும் சுழிகள், வரிசையாக.
குடியுரிமை அலுவலகத்தில்
இப்படி நிரப்பிக் கொடுத்திருக்கலாம் நாங்கள்.

இருபது கணக்குகள்.
ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் காசு.
இந்தச் சாவிகள் உலகறிந்தவை,
நிஜப் பணம் அனுப்பாதே என்று ஓர் எச்சரிக்கை.
லிமாவிலோ கோயம்புத்தூரிலோ
இந்நேரம் விழித்திருக்கும் எவளிடமும்
இதே இருபது சாவிகள் இருக்கும்.
திறந்தால் ஒன்றுமில்லை என்பதால்
எல்லோரிடமும் கொடுத்து வைக்கலாம்.

எனக்கும் சாவி இரண்டு.
அடையாள அட்டையில் கின் தண்டா, ஊருக்குக் காட்ட.
மற்றதை வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுவார்கள்.
இங்கே எழுதப்போவதில்லை.

நான் கட்டுவது ஒரு சீட்டு.
பன்னிரண்டு பேர், மாதம் ஐம்பதாயிரம் ச்சாட்.
கடைத்தெருவில் ஏற்கெனவே ஓடியதுதான்.
போன வருஷம் நோட்டு வைத்திருந்தவர்
நோட்டோடு காணாமல் போனார்.
அதனால் இந்தத் தூக்கமின்மை.

மாதம் பிறக்க இங்கே காத்திருக்க வேண்டாம்.
இருபத்தைந்து லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் விநாடி
முன்னே போ என்றால் போகிறது.
வெளியே நாய் ஒரு குரைப்பை முடிப்பதற்குள்
உள்ளே தை போய் மாசி.
குறித்து வைத்த இடத்துக்குத் திரும்பு என்றால்
முகம் சுளிக்காமல் திரும்பியும் வருகிறது.

ஏழாம் ஆள் சந்தனசாமி.
எங்கள் குலுக்கலில் அவன் பெயர் வந்த வாரமே
வட்டார அலுவலகக் குலுக்கலிலும் வந்தது.
சீருடைக்கு ஆள் எடுக்கும் குலுக்கல்.
சீட்டுப் பணத்தை வாங்காமலே
மியாவடிப் பக்கம் போய்விட்டான்.

எடுத்தவர் பெற வரவில்லை என்றால்?
இதற்கும் ஒரு சோதனை எழுதியாக வேண்டும்.
மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடு.
எழுதினேன். அழித்தேன்.
அவன் தங்கைக்குக் கொடு.
தங்கைக்குச் சாவி இல்லை.
ஒரு மாதம் முன்னே தள்ளினேன்,
பிறகு பத்து, பிறகு நாற்பது.
எந்த பிளாக்கிலும் அவன் கையெழுத்தில்லை.

ஐந்துக்கு நான்கு நிமிஷம் இருக்கையிலேயே
மின்விசிறி தளர்ந்தது.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
மூடினால் போய்விடும் எல்லாம்,
சாம்பல்கூட விழாது.
நாளை மறுபடி பூஜ்யம்,
அதே இருபது பணக்காரர்கள்.

மூடுமுன் ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன்.
பதினொன்று பச்சை.
ஏழாவதை ஓட்டாதே, தாண்டிப் போ என்று
நான்தான் குறித்திருந்தேன்.
அதன் எதிரே கணினி,
பச்சையுமில்லை சிவப்புமில்லை,
எங்கள் சீட்டு நோட்டிலும் உள்ள ஒரே சொல்:
நிலுவை.